எந்தப் பூச்சிக்கு

கொரடாச்சேரி கடைத்தெருவில்
ராவுத்தர் உரக்கடையில் பில் போட்டவர்
தையல்நாயகி அக்கா.
மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில்
பச்சை நூல் சுற்றியிருக்கும்.

மருந்து கேட்டு யார் வந்தாலும்
பேனா மூடியைக் கழற்றாமல் கேட்பார்:
எந்தப் பூச்சிக்கு?

புகையான் என்பார்கள். குருத்துப்பூச்சி என்பார்கள்.
ஆனைக்கொம்பனுக்கு ஒருவர்
தூரையே பிடுங்கிவந்து காட்டுவார்.
பேர் சொன்னவர்களுக்கு பில் கிழியும்.
சொல்லத் தெரியாதவர்களுக்கு
ஸ்டூல் ஒன்று கிடந்தது.

நான் சொன்னேன்: எல்லாத்துக்கும்தான்.
எத்தனை மா?
மூணு.
அக்கா நிமிர்ந்தார்.
'உன் மூணு மாவும் தரிசாக் கிடக்கு தம்பி.
பஸ்ஸுல போறப்ப தினம் பாக்குறேன்.
பயிரில்லாத வயல்ல பூச்சிக்கு என்ன வேலை?'

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை.
வெட்டாற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
டீ வந்தது. ஆறியது. இன்னொன்று வந்தது.
கடை சாத்தும்வரை
வேறொன்றும் கேட்கவில்லை அவர்.
இருப்பு எடுக்கும்போது மட்டும்
யூரியா பக்கம் நீ எண்ணு என்றார்.
எண்ணினேன். நாற்பத்தொரு மூட்டை.
அன்றைக்கு எனக்கு
நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை அவருக்கு லீவு.
தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு.
நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னும் பின்னுமாய் நகர்ந்துகொண்டிருக்க,
வெள்ளரிப்பிஞ்சு விற்பவன் ஏறி இறங்க,
கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து
ஒன்றைப் பிதுக்கி
என் பாட்டில் தண்ணீரில் விழுங்கினார்.
'பத்தொன்பது வருஷம்' என்றார்,
பில் தொகை சொல்வதுபோல.
கேட் திறந்தது.

மெடிக்கல் காலேஜில் சீட்டு எழுதும் இடத்தில்
எந்தப் பிரிவு என்றார்கள்.
எனக்குக் குரல் வரவில்லை.
'மனநலம்' என்றார் அக்கா
பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி,
கண், பல், எலும்பு என்று
மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே குரலில்.

அம்மையப்பன் பக்கம் மாட்டுக்கொட்டகையில்
ஒருவனைக் கட்டிவைத்திருந்த சங்கிலியை
பழைய இரும்புக் கடையில் போட்ட கதை
ஊருக்கே தெரியும்.
மூணே முக்கால் கிலோ.
அந்தக் காசில் அவனுக்கு
கட்டம்போட்ட லுங்கி ஒன்று.
ஆறு மாதம் அந்த வீட்டு வாசலுக்கு நடந்த பிறகுதான்
அவிழ்த்தார்கள் என்பதை
யாரும் சொல்வதில்லை.
கதைக்கு அது நீளம்.

'யாவாரத்தைக் கெடுக்குறியே தாயி' என்று
ராவுத்தர் ஒருநாள் சத்தம் போட்டார்.
அடுத்த வாரம்
இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.

எல்லோரையும் காப்பாற்றினார் என்று
எழுதமாட்டேன்.
வேறு கடைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.
அந்த வீடுகளுக்கும் போனார் அக்கா.
பதினாறு முடிந்து, கூட்டம் வடிந்து,
பாத்திரங்கள் வாடகைக்கடைக்குத் திரும்பிய பிறகு.

ஐப்பசி அடைமழையில் செத்துப்போனார்.
மாரடைப்பு. அறுபத்திரண்டு வயது.
வாசலில் தார்ப்பாய்ப் பந்தல்.
அதற்குக் கீழே
நெல் தரகர் நின்றார்.
கணக்கு வாத்தியார் நின்றார்.
பஞ்சாயத்துத் தலைவரின் மருமகன்
செருப்பைக் கழற்றலாமா என்று நின்றார்.
உறவில்லை, கொடுக்கல் வாங்கலில்லை.
அக்கா யாரைப் பற்றியும் யாரிடமும் சொன்னதில்லை.
நீ எங்கே இங்கே என்று
ஒருவரை ஒருவர் கேட்கவும் முடியாது.
கேட்டால் சொல்லவேண்டும்.

தார்ப்பாயில் தொங்கிய தண்ணீரை
வாத்தியார் குடைக்காம்பால் முட்டித் தள்ளினார்.
பிறகு என் பக்கம் திரும்பாமலே,
'நீங்க எந்த வருஷம்?'

'மேட்டூர் திறக்காத வருஷம்.'

'நான் கஜா அடிச்ச வருஷம்.'

பின்னாலிருந்து,
இடுப்புக் குழந்தையை
மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு
ஒருத்தி சொன்னாள்:
'நான், இவ பொறந்த வருஷம்.'